கோள் பார்த்துக் கோல் சொன்னவர்

பெரம்பலூர் நான்கு ரோட்டில் இறங்கி எந்தச் சுவரைப் பார்த்தாலும் ஒரே சுவரொட்டி. காவி வேட்டி, காவித் தலைப்பாகை, ஒரு கையில் ருத்திராட்சம், மறு கையில் கால்பந்து. கீழே கொட்டை எழுத்தில்: 'கோள் பார்த்துக் கோல் சொல்லும் உலகின் ஒரே மகான், கோலானந்த சித்தர்!' அந்த உலகம் கிழக்கே அரியலூரோடு முடிந்துவிடுகிறது என்பதைச் சுவரொட்டி சொல்லவில்லை.

சித்தரின் மகிமை இதுதான். உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று ஆட்டம் நடக்கும் நாளில் கல்யாண மண்டபத்தில் பெரிய திரை கட்டி ஆட்டத்தை ஓடவிடுவார்கள். சித்தர் திரைக்கு முதுகைக் காட்டி, கண்ணை மூடி, மேடையில் உட்காருவார். திடீரென்று உடம்பு குலுங்கும். "வருது... இடது பக்கத்துலேர்ந்து வருது... கோல்!" என்பார். திரையில் அப்போது பந்து நடு மைதானத்தில் சும்மா உருண்டுகொண்டிருக்கும். சரியாக அரை நிமிடம் கழித்து, அதே இடது பக்கத்திலிருந்து பறந்து வந்து வலைக்குள் விழும். மண்டபம் அதிரும். கன்னத்தில் போட்டுக்கொள்ளாத கை இருக்காது.

அந்த அரை நிமிடத்துக்குக் 'கோல் முகூர்த்தம்' என்று பெயர். அந்த நேரத்தில் யார் பெயரில் தேங்காய் உடைகிறதோ அவர் நினைத்தது நடக்கும். போர்க்குழாயில் தண்ணீர் வராதவர், துபாய் விசா வராதவர், மருமகள் பிறந்த வீட்டிலிருந்து வராதவர் என்று வாலிகண்டபுரத்திலிருந்தும் கல்லங்குறிச்சியிலிருந்தும் பஸ் பிடித்து வந்தார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேருக்குக் கால்பந்துக்கு எத்தனை பேர் என்றுகூடத் தெரியாது. அதனால் என்ன? கோல் என்றால் வரம். அது போதும்.

ஒரு கோலுக்கு ஒரு வரிசைத் தேங்காய், தேங்காய்க் காசு சித்தருக்கு. சமபலமான இரண்டு அணிகள் மோதிக் கோலே விழாமல் போனால் பக்தர்களுக்கு மோசம், சித்தருக்குப் பெருத்த மோசம். எனவே அவர் ஞானதிருஷ்டி எப்போதும் யானையும் எறும்பும் மோதுகிற ஆட்டமாகவே பார்த்துத் தேர்ந்தெடுத்தது.

இந்தத் திருவிழாவுக்குத் திரை, ஒலிபெருக்கி, மைக் எல்லாம் அன்பழகனுடையவை. டவுனில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறான். நல்லவன், தொழில் தெரிந்தவன். ஆனால் யாராவது காவி கட்டிக்கொண்டு இருமினால்கூட அதில் ஏதோ அர்த்தம் இருக்கும் என்று யோசிக்கிறவன். முதல் நாளே சித்தர் அவனுக்கு இரண்டு கட்டளை போட்டார். ஒன்று, ஆட்டத்தைக் கைபேசி இன்டர்நெட்டில்தான் எடுத்துத் திரையில் விடவேண்டும். கேபிளும் கூடாது, டிஷ்ஷும் கூடாது, அந்த வயர்களில் பல வீட்டுத் தீட்டு ஓடுகிறது. இரண்டு, பக்தர்கள் கைபேசியை வாசலில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். அலைகள் ஞானதிருஷ்டியைக் கலைக்கும். இரண்டுக்கும் அன்பழகன் தலையாட்டினான்.

அவன் மகள் தமிழ்மொழி அப்படித் தலையாட்டுகிற ரகம் இல்லை. பதினேழு வயது. பள்ளி அணியில் இடது பக்கம் ஆடுகிறவள். திருச்சியில் நடக்கும் மண்டலத் தேர்வுக்கு அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். ஆசி வாங்கட்டும் என்று அன்பழகன் அவளைச் சித்தரிடம் அழைத்துப்போனான். சித்தர் காலில் அவள் விழவில்லை. கேள்வி கேட்டாள்.

"சாமி, ஆஃப்சைடுன்னா என்ன சாமி?"

கால்பந்தைக் கையில் வைத்துக்கொண்டு போஸ் கொடுக்கும் மகான் ஒரு கணம் விழித்தார். பிறகு கர்ஜித்தார். "அது பாவிங்க நிக்கிற பக்கம்!"

தமிழ்மொழிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சித்தருக்குச் சாபம் வந்துவிட்டது. "இவ இடது கால்ல சனி உட்கார்ந்திருக்கான். நாப்பத்தெட்டு நாள் கொள்ளிடத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினா எலும்பு ரெண்டாப் போகும்" என்றார்.

தேர்வுக்கு இன்னும் ஆறு நாள்தான் இருந்தது. பெரம்பலூரிலிருந்து திருச்சிக்குக் கொள்ளிடத்தைத் தாண்டாமல் போவதென்றால் ஆகாய மார்க்கமாகப் போனாலும் முடியாது.

அன்பழகன் வீட்டுக்கு வந்து மகளின் பூட்ஸை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினான். அவள் அழவில்லை, சாப்பிடவுமில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். அவன் இரண்டு முறை சாவியைக் கையில் எடுத்தான். ஆனால் எலும்பு ரெண்டாப் போகும் என்று சித்தர் சொன்ன குரல் காதிலேயே நின்றது. பெற்றவனின் பயம்தானே இந்த வியாபாரத்தின் முதலீடு?

அவன் மனைவி செங்கமலம் அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கமொன்றில் எடைமேடையில் வேலை பார்க்கிறாள். வெறும் லாரியை எடை போடும்போது கேபினுக்குள் நாலு பேரை ஒளித்துவைத்துக் கணக்கை மாற்றுகிற சாமர்த்தியசாலிகளைத் தினமும் பார்க்கிறவள். "எல்லாரும் எறங்குங்க. அப்புறம் எடை சொல்றேன்" என்பதுதான் அவள் வேதம். வேலை முடிந்து வந்தவள் பூட்டிய அலமாரியைப் பார்த்தாள். கத்தவில்லை.

"ஏங்க, போன வாரம் உங்களுக்குச் சோறு கொண்டாந்தேன்ல, அப்ப மண்டபத்துக்கு எதுத்தாப்ல உண்ணாமலை வூட்டுல கொஞ்ச நேரம் ஒக்காந்தேன். அவங்க வூட்டு டிஷ் டிவியில அதே மேட்ச் ஓடிச்சு. உங்க கொழா ஸ்பீக்கர்ல சாமி கோல்னு கத்துறாரு. அதே நேரத்துல டிவியில பந்து உள்ள போகுது. அரை நிமிசமெல்லாம் இல்ல. கத்துறப்பவே போகுது."

"அப்ப சாமி சொன்னது சரிதானே?"

"சரிதான். உங்க ஸ்கிரீன்தான் லேட்டு."

அன்பழகனுக்குக் கோபம் வந்தது. மகானைச் சொன்னால்கூடப் பொறுத்திருப்பான். அவன் திரையைச் சொல்லிவிட்டாள். "ஞானதிருஷ்டியைப் போய் டிவியோட சேத்துப் பேசாத. பாவம் புடிக்கும்."

"சரி, பேசல. எடை போட்டுப் பாத்துடுவோம். வர்ற வியாழக்கிழமை மேட்சுல அதே ரெண்டு டீமுதானே? போன மாசம் அந்த ரெண்டும் மோதினதைத் தமிழ்மொழி பாத்துப் படிக்கணும்னு நீங்க லேப்டாப்புல ஏத்தி வச்சிருக்கீங்கள்ல? அதை ஓட்டுங்க. சாமி கண்ணை மூடிக்கிட்டு எல்லாத்தையும் பாக்குறவரு. தன் முதுகுக்குப் பின்னாடி ஓடுறது பழைய மேட்சுன்னு அவருக்குத் தெரியாமலா போயிடும்? 'டேய் அன்பழகா, நிறுத்துடா'ன்னு அவரு சொல்லிட்டாருன்னா, நானே செட்டிகுளம் மலை ஏறி மொட்டை போட்டுக்கிறேன். புள்ளையும் வூட்டுலேயே கெடக்கட்டும். சொல்லலைன்னா பூட்ஸை எடுத்துக் குடுத்துடணும்."

அன்பழகன் ஒப்புக்கொண்டான். மனைவி மேலிருந்த கோபத்தில் அல்ல, சித்தர் மேலிருந்த நம்பிக்கையில்.

வியாழக்கிழமை மாலை ஐந்தரைக்கு ஆட்டம். இரண்டு நாடுகளின் பெயரும் ஊர்க்காரர்கள் வாயில் நுழையவில்லை. சிவப்புச் சட்டை, வெள்ளைச் சட்டை என்று வைத்துக்கொண்டார்கள். சிவப்பு பெரிய நாடு. வெள்ளை ஒரு குட்டித் தீவு. மொத்த ஜனத்தொகையையும் கூட்டினால் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் தீபாவளிக் கூட்டம் அளவுதான் தேறும். வெள்ளைக் கோல்கீப்பர் வாரநாட்களில் மீன் ஏலம் விடுகிறவராம். போன மாதம் சிவப்பு எட்டு, வெள்ளை ஒன்று. அன்று மண்டபத்தில் கல்யாணம் இருந்ததால் அந்த ஆட்டத்தைப் பக்தர்கள் யாரும் பார்க்கவில்லை.

சித்தர் மைக்கில் முழங்கினார். "இன்னைக்கு வெள்ளைக்கு நான் கட்டுப் போட்டுட்டேன்! அவன் கால்ல பந்து நிக்காது. ஒரு கோல்கூடப் போட மாட்டான்!"

எறும்பு யானையைத் தூக்காது என்று சொல்வதற்கு ஒரு மகான். கூட்டம் அதற்கும் கைதட்டியது.

அன்பழகன் லேப்டாப்பில் பழைய ஆட்டத்தைத் தட்டினான். இப்போது நிறுத்தச் சொல்வார், இதோ சொல்வார் என்று சித்தரின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பத்தாவது நிமிடம் சித்தர் குலுங்கினார். "வருது... தலையால முட்டுறான்... கோல்!"

முதல் வரிசைத் தேங்காய்கள் உடைந்தன. எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். திரையில் சிவப்பு ஆட்டக்காரன் ஒருவன் குனிந்து நிதானமாகக் காலணிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். அரை நிமிடம் போனது. ஒரு நிமிடம் போனது. அவன் இரண்டாவது காலுக்கும் கட்டினான்.

"சாமி, தேங்காயை ஒடச்சிட்டோமே?" என்று மருமகள் வராத பெரியசாமி முனகினார்.

அடுத்த நிமிடம் சித்தர் கண்மூடி அமைதியாக இருந்தபோது, திரையில் பந்து வலைக்குள் புகுந்தது. உடைக்கத் தேங்காய் தயாராக இல்லை. விசா வராதவர் தலையில் கை வைத்தார். அதன்பின் நடந்தது கலவரம். சித்தர் கோல் என்றால் திரையில் தண்ணீர் குடிக்கிறார்கள். சித்தர் மௌனம் என்றால் திரையில் கோல். தேங்காய் உடைக்கிறவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக் கழுத்து சுளுக்கிக்கொண்டார்.

முப்பதாவது நிமிடம் அது நடந்தது. திரையில் வெள்ளைச் சட்டைக்காரன் ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு ஓர் உதை விட்டான். பந்து உள்ளே போய்விட்டது. கட்டுப் போட்ட வெள்ளை!

"ஓஓ!" என்று மண்டபமே அலறியது. சித்தரோ, அது தன் மகிமைக்கு எழுந்த கோஷம் என்று நினைத்து, மூடிய கண்ணோடு புன்னகைத்து, இரண்டு கைகளையும் தூக்கி ஆசீர்வதித்தார்.

அன்பழகனுக்குள் ஏதோ ஒன்று அறுந்தது. நாலு நாளாகச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் மகள் கண்முன் வந்தாள். 'எம்புள்ளையோட கால்ல விளையாடிட்டானே' என்று நினைத்தான். ஆட்டத்தை நிறுத்தினான். பக்கத்தில் நின்றிருந்த செங்கமலம் மேடையேறி மைக்கை வாங்கினாள்.

"யாரும் கோவப்படாதீங்க. இது போன மாசத்து மேட்ச். நாங்கதான் மாத்திப் போட்டோம். முதுகுக்குப் பின்னாடி என்ன ஓடுதுன்னு சாமிக்கு அரை மணி நேரமாத் தெரியல."

சித்தர் கண் திறந்தார். சுதாரித்துக்கொண்டார். "பாத்தீங்களா! நான் பாத்தது பொம்மைப் படத்தை இல்ல, கடல் தாண்டி நடக்குற நிஜ மேட்சை! இப்ப கணக்குப் பாருங்க, சிவப்பு நாலு!"

கூட்டம் திரும்பவும் கைகூப்பத் தயாரானது. நம்புகிறவனுக்குச் சாக்குக் கொடுத்தால் போதும், சாக்கு மூட்டையையே சுமப்பான்.

"நாலுதான், நானும் ஒத்துக்குறேன்" என்றாள் செங்கமலம். "எப்படித் தெரிஞ்சுது? நீங்கல்லாம் கிரிக்கெட் பாக்குறீங்கள்ல? பக்கத்து வூட்டு டிவியில சிக்ஸுன்னு கத்துவாங்க. நம்ம போன்ல பவுலர் அப்பதான் ஓடி வந்துகிட்டிருப்பான். அப்ப பக்கத்து வூட்டுக்காரரு சித்தரா? சாமி அந்தத் தலைப்பாகையைக் கழட்டட்டும். தலையில ஒண்ணும் இல்லைன்னா நான் இப்பவே கால்ல விழுறேன்."

தலைப்பாகையைச் சித்தர் இரு கைகளாலும் பிடித்துக்கொண்டார். "இது குரு கட்டினது! தொட்டா எரிஞ்சு போயிடுவீங்க!"

முன் வரிசை இரண்டடி பின்வாங்கியது. அன்பழகன் பின்வாங்கவில்லை. தலைப்பாகையைத் தொடவுமில்லை. அவனுக்குத் தெரிந்த தொழில் ஒன்றுதான். மைக்கை எடுத்துச் சித்தரின் வலது காதோரம் வைத்தான். ஒலியை முழுக்க ஏற்றினான்.

கரகரவென்று ஒரு சத்தம். பிறகு, மண்டபத்தின் எட்டு ஒலிபெருக்கிகளிலும், வெளியே கட்டியிருந்த குழாய்களிலும், பெரம்பலூருக்கே கேட்கும்படி ஒரு குரல்:

"மச்சான், அஞ்சாவது கோல்! வலது கால்! ஏன் கம்முனு இருக்க? கேக்குதா இல்லையா? லாட்ஜ்ல கரண்டு போயி டிவி நின்னுடும் போலருக்கு, சீக்கிரம் கத்து!"

முதலில் சிரித்தது யாரென்று தெரியவில்லை. பிறகு எல்லோரும் சிரித்தார்கள். பிறகு தேங்காய் வாங்கிய ஞாபகம் வந்து யாரும் சிரிக்கவில்லை. சித்தர் பின்வாசல் பக்கம் பாய்ந்தார். அங்கே சமையல்காரர்கள் வழிமறித்தார்கள். போலீஸ் ஜீப்பில் ஏறும்போது தலைப்பாகை அவிழ்ந்து, காதில் மொச்சைக்கொட்டை அளவு கருவி ஒன்று பளிச்சென்று தெரிந்தது. கடல் தாண்டி எல்லாம் தெரிந்தவருக்கு ஜீப் வருவது மட்டும் தெரியாமல் போய்விட்டது. மச்சான் காதுக்குள் இருந்தபடி ஆறாவது கோலையும் சொன்னானாம்.

அன்பழகன் வீட்டுக்குப் போய் அலமாரியைத் திறந்தான். பூட்ஸை மகள் முன்னால் வைத்தான். "அப்பா பயந்துட்டேன்டா" என்று மட்டும் சொன்னான்.

"பயந்தீங்க, சரி. என்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்றாள் அவள். அவன் குனிந்து பூட்ஸ் கயிற்றின் முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தான்.

தேர்வுக்கு மூன்று பேருமே போனார்கள். கொள்ளிடம் பாலத்தில் பஸ் ஏறியபோது அன்பழகன் தன்னையறியாமல் மகளின் இடது காலைப் பார்த்தான். அது நன்றாகத்தான் இருந்தது. அன்று அந்தக் கால் இரண்டு கோல் போட்டது. ஒன்றை ஆஃப்சைடு என்று நடுவர் மறுத்துவிட்டார். இன்னொன்று போதுமானதாக இருந்தது. இருபது பேர் பட்டியலில் அவள் பெயரும் வந்தது.

மாலை பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது பெரியசாமி செங்கமலத்தைப் பார்த்துவிட்டு ஓடிவந்தார். சட்டையைத் தூக்கி இடுப்பைக் காட்டினார். கறுப்புக் கயிற்றில் சித்தர் கட்டிய தாயத்து.

"ஏம்மா, அந்தாளு பித்தலாட்டக்காரன்னு ஊருக்கே தெரிஞ்சு போச்சு. இதைக் கழட்டி எறிஞ்சிடலாம்னு இருக்கேன். அதுக்கு எந்தக் கிழமைம்மா நல்ல கிழமை?"

செங்கமலம் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"புத்தி வர்ற கிழமைங்க" என்றாள்.

பெரியசாமி வீட்டுக்குப் போய்க் காலண்டரைப் புரட்டிக்கொண்டிருக்கிறார். உங்கள் வீட்டுக் காலண்டரில் அது என்ன கிழமை?