தவளைக்கு எதற்குக் கால்குலஸ்

‘தெரியாது’ என்ற ஒரு வார்த்தை மட்டும் வாயில் வராத ஆட்கள் இருக்கிறார்கள். வழி கேட்டால், தாங்கள் போயே இராத ஊருக்கும் வழி சொல்வார்கள். நான் அந்தக் கட்சி. இருபத்து மூன்று வயதில் அந்தக் கட்சியின் மாவட்டச் செயலாளர் என்றே சொல்லலாம்.

கோவில்பட்டியிலிருந்து மெக்கானிக்கல் பட்டத்தோடு வந்து, ஒரகடத்தில் பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் சேர்ந்திருந்தேன். குடியிருந்தது பென்னலூரில், ஜோசப் அண்ணாச்சி வீட்டு மாடியறையில். அவர் கம்பெனி பஸ் டிரைவர். (நான் ‘அண்ணாச்சி’ என்று கூப்பிடும்போதெல்லாம், “இன்னாபா, நான் மளிகைக் கடையா வச்சிகினு கீறேன்?” என்பார்.)

அவருடைய ஒரே மகள் ஸ்டெல்லா அந்த வருடம்தான் பிளஸ் டூ முடித்திருந்தாள். தவளைப் பைத்தியம். மழை பெய்தால் மற்ற வீட்டுப் பிள்ளைகள் காயப்போட்ட துணியை எடுக்க ஓடும். இவள் ஜாம் பாட்டிலோடு ஏரிக்கு ஓடுவாள். விலங்கியல் படிக்க இடமும் கிடைத்துவிட்டது. ஆனால் கல்லூரியில் துணைப்பாடமாக ஏதாவது ஒரு கணிதம் எடுத்தே ஆக வேண்டும். கால்குலஸா, உயிரிப் புள்ளியியலா? ஆன்லைனில் பதியச் சொல்லியிருந்தார்கள்.

போனை எடுத்துக்கொண்டு அப்பாவும் மகளும் மாடிக்கு வந்தார்கள்.

“தம்பி, நீ இன்ஜினியரு. இதுல எத்த போடலாம்னு நீயே சொல்லு. எங்க வூட்ல யாருக்கு இன்னா தெரியும்?”

எனக்கும் ஒன்றும் தெரியாதுதான். முதல் செமஸ்டர் கணிதத்தை மூன்றாவது முயற்சியில் தாண்டியவன் நான். அதுவும் விடைத்தாள் திருத்தியவருடைய கருணையா, களைப்பா என்று இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் ‘இன்ஜினியரு’ என்று ஒருவர் சொன்ன பிறகு எப்படி வாயை மூடிக்கொண்டு இருப்பது?

“கால்குலஸ் போடுங்க அண்ணாச்சி. புள்ளியியல்னா சும்மா கூட்டி வகுக்கது. அதுக்கு ஒரு படிப்பா?”

ஸ்டெல்லாவுக்குச் சந்தேகம். “தவளைக்கு எதுக்குண்ணா கால்குலஸ்?”

ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. “தவள குதிக்கிதுல்லா? அது போற பாதை வளைகோடு. வளைகோடுன்னா கால்குலஸ்.”

அண்ணாச்சிக்கு மெய்சிலிர்த்துவிட்டது. “பாத்தியா? படிச்சவன் படிச்சவன்தான்!” என்று அங்கேயே பட்டனை அமுக்கிவிட்டார்.

சேர்க்கை நாளன்று, “நீ கூட வந்தா ஒரு கெத்து” என்று என்னையும் அழைத்துக்கொண்டு போனார். நான் லீவு போட்டேன். லீவு போட்டவன், கம்பெனி ஐடி கார்டையும் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனேன். (ஏன் என்று கேட்காதீர்கள்.)

பெரிய ஹால். பெற்றோர்கள் வரிசையாக நிற்க, கடைசி மேஜையில் கணிதத்துறை மேடம் ஒருவர் படிவங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டெல்லாவின் படிவத்தைப் பார்த்து நிமிர்ந்தார்.

“தவளை ஆராய்ச்சி பண்ணணும்னு எழுதியிருக்க. அப்புறம் ஏம்மா கால்குலஸ்?”

“தவளை குதிக்கிற பாதை வளைகோடு மேம். அண்ணாதான் சொன்னாங்க.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். மேடம் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

“சார், பத்துத் தவளையைப் பிடிச்சுப் பார்த்துட்டு, ஏரியில மொத்தம் எத்தனை இருக்குன்னு சொல்லணும்னா என்ன கணக்கு வேணும்?”

“பெருக்கல் மேடம்?”

இப்போது வரிசை முழுக்கச் சிரித்தது. மேடம் என் ஐடி கார்டைப் படித்தார். “குவாலிட்டியா? தினம் சார்ட் போடுவீங்களே?”

“போடுவேன் மேடம். மேல ஒரு செவப்புக் கோடு, கீழ ஒரு செவப்புக் கோடு. நடுவுல புள்ளி வைக்கணும்.”

“அந்தச் சிவப்புக் கோடு எங்க வரணும்னு எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க?”

“அது ஏற்கெனவே பிரிண்ட் ஆகி வரும் மேடம்.”

“அதைக் கண்டுபிடிக்கிறதுதான் சார் புள்ளியியல். நீங்க சம்பளம் வாங்குறதே அதுலதான்” என்றவர், குரலைத் தாழ்த்தி, “காலேஜ்ல மேத்ஸ் எப்படி?” என்றார்.

“மூணாவது...” என்றேன். ‘அட்டெம்ப்ட்’ என்று முடிக்க விட்டால்தானே!

“மூணாவது ரேங்க்கு மேடம்!” என்று அண்ணாச்சி ஹாலுக்கே கேட்கும்படி முழங்கினார். நான் மறுக்கவில்லை. மறுப்பதற்கு முதலில் மூச்சு வர வேண்டும்.

சரி, மாற்றிவிடலாம் என்றால் புள்ளியியல் வகுப்பு நிரம்பிவிட்டிருந்தது. “கால்குலஸும் வீண் போகாது. ஆனா இவ வேலைக்கு முதல்ல தேவை புள்ளியியல்தான். புள்ளியியல் எடுத்த யாராவது ஒருத்தர் மாத்திக்கச் சம்மதிச்சா, மதியத்துக்குள்ள ரெண்டு பேரும் எழுதிக் கொடுங்க” என்றார் மேடம்.

ஸ்டெல்லா என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபம்கூட இல்லை. பாட்டிலில் மிதக்கும் செத்த தலைப்பிரட்டையைப் பார்ப்பாளே, அந்தப் பார்வை. அது தாங்காமல்தான் அடுத்த காரியத்தைச் செய்தேன்.

சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோக்காரர்கள் ‘ஒரகடம், ஒரகடம், ஒரு ஆளு!’ என்று கூவுவதை ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் கேட்டுப் பழகிய காது எனக்கு. ஹாலின் நடுவில் நின்று ஆரம்பித்தேன்.

“கால்குலஸ், கால்குலஸ், கால்குலஸ்! ஒரு ஆளு! ஒரே ஒரு ஆளு!”

வாட்ச்மேன் என்னை நோக்கி நடந்து வந்தார். வரிசையில் நின்ற பெண்கள் துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டார்கள். “இன்னா தம்பி, மானத்த வாங்குறியே” என்று சொல்லிக்கொண்டே அண்ணாச்சியும் பக்கத்தில் வந்து நின்றார். வந்தவர், பஸ் டிரைவர் குரலில், “கால்குலஸ் ஏறு, கால்குலஸ் ஏறு!” என்று சேர்ந்துகொண்டார்.

வாட்ச்மேன் என் தோளில் கை வைத்த நேரத்தில், குன்றத்தூரிலிருந்து வந்திருந்த ஒரு பெண், தன் அப்பாவின் கையை இழுத்துக்கொண்டு ஓடி வந்தாள். “அங்கிள், எனக்கு! நான் மேத்ஸ்ல சென்டம். எங்கப்பாதான் ‘பயோ’ன்னு பேர்ல இருந்தா அதுல கணக்கே வராதுன்னு பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ் போட்டுட்டாரு!”

அவள் அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. (இருபத்து மூன்று வயதில் நான் ‘அங்கிள்’ ஆனதையும் அந்தச் சந்தோஷத்தில் மன்னித்துவிட்டேன்.)

இரண்டு பெண்களும் கையெழுத்துப் போட்டார்கள். கல்லூரி வாசலில் ஸ்டெல்லா எனக்குக் கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தாள். “இனிமே தெரியலன்னா, தெரியலன்னு சொல்லுங்கண்ணா” என்றாள். சரி என்று தலையாட்டினேன்.

எங்கே சொன்னேன்? என் கல்யாணத்தில் ஜோசப் அண்ணாச்சி என் மாமனாரிடம் போய், “உங்க மாப்ள கணக்குல காலேஜுக்கே மூணாவது ரேங்க்கு” என்று சொல்லிவிட்டார். அப்போதும் எனக்கு மூச்சு வரவில்லை. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாமனார் தெருப் பிள்ளைகளின் நோட்டோடு வந்துவிடுகிறார். “மாப்ள, இந்த ஒரு கணக்கு மட்டும்” என்பார். நான், “ஒரு கால் வருது மாமா” என்று மொட்டை மாடிக்கு ஓடி, நோட்டைப் படம் எடுத்து ஸ்டெல்லாவுக்கு அனுப்புவேன். இப்போது அவள் ஏரி ஏரியாகத் தவளை எண்ணி ஆராய்ச்சி செய்கிறாள். முழங்கால் தண்ணீரில் நின்றபடியே விடை அனுப்பிவிடுவாள். என் மனைவிக்கு எல்லாம் தெரியும். படிக்கட்டில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பாள்.

போன ஞாயிறும் அனுப்பினேன். வெகுநேரம் கழித்துத்தான் பதில் வந்தது.

“அண்ணா, இது அஞ்சாங்கிளாஸ் கணக்கு.”