மாமனார் வீட்டுக் காங்கிரீட்

ஜல்லி, மணல், சிமெண்ட், தண்ணீர் சேர்ந்த கலவைக்குக் காங்கிரீட் என்று பெயர். ஓசூர்ப் பக்கம் அது ஒரு விசேஷத்தின் பெயரும்கூட. “நாளைக்கு எங்க வீட்ல காங்கிரீட்” என்றால் மேல்தளம் போடுகிறார்கள் என்று பொருள். கம்பெனி சூப்பர்வைசர்கூட மறுபேச்சில்லாமல் லீவு கொடுப்பார். விசேஷம் என்றதும் நான் அதைக் கல்யாணமாகவே நினைத்துவிட்டதுதான் தப்பு.

ராயக்கோட்டைப் பக்கம் தக்காளி பயிரிட்ட என் மாமனார், ஓட்டு வீட்டின் ஒழுகலோடு பாதி ஆயுளைக் கழித்தவர். ஒழுகாத கூரையின் கீழ் தூங்க வேண்டும் என்பதே அவர் ஆசை. அவர் வீட்டுக் காங்கிரீட் அன்று எனக்குக் கல்யாணமாகி இரண்டு மாதம். விருதுநகர்க்காரன், புது மாப்பிள்ளை, உபசாரத்துக்குக் கேட்கவா வேண்டும்!

பாதித் தளம் போட்டபோது, இருக்கிற சிமெண்ட் கடைசிவரை போதாது என்று தெரிந்தது. “கொஞ்சம் பாத்துக்கங்க மாப்ள, வந்துர்றேன்” என்று மாமனார் கிளம்பினார். (செல்போன் இருந்தது; அந்த ஊரில் டவர்தான் இல்லை.)

பிரியாணி அண்டா வந்து இறங்கியது. மேஸ்திரி ஆட்களை நாலு நாலு பேராகச் சாப்பிட அனுப்பினார். எனக்குப் பொறுக்கவில்லை.

“விசேஷ வீட்டுல பாதிப் பேருக்கு மட்டும் பந்தியா? எல்லாரும் சேந்து உக்காருங்கண்ணே.”

“நடுவுல நிறுத்தக் கூடாதுங்க. போட்டது இறுகிட்டா புதுசு அதோட ஒட்டாதுங்க.”

“சோறு திங்கிற நேரத்துக்குள்ள என்ன இறுகிரும்? நான் பொறுப்பு.”

அதற்குமேல் மேஸ்திரிக்கு என்ன வந்தது? முதல் இலையில் அவரே உட்கார்ந்தார். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு, வேண்டாம் என்றவர்களுக்கும் அள்ளி வைத்தேன். உண்ட மயக்கத்தில் எல்லாரும் வேப்ப மரத்தடியில் சாய்ந்தார்கள். எழுப்ப எனக்கு மனம் வரவில்லை.

மாமனார் சிமெண்டோடு வந்தபோது கலவை மிக்சரின் சத்தம் இல்லை. குறட்டைச் சத்தம்தான் கேட்டது. ஏணியில் ஏறி, போட்ட தளத்தின் ஓரத்தைத் தட்டிப் பார்த்தார். இறங்கி வந்தார்.

“எல்லாரும் சாப்டாங்களா மாப்ள?”

“திருப்தியாச் சாப்பிட்டாங்க மாமா.”

அவர் போய் மேஸ்திரியை எழுப்பினார். மேஸ்திரி இறுகிய ஓரத்தில், புதுசு ஒட்டுவதற்காகச் சிமெண்ட் பால் ஊற்றி, சாமியைக் கும்பிட்டு, மீதியைப் போட்டு முடித்தார்.

ஐப்பசியில் தலை தீபாவளி. அடைமழை. மாமனார் படுத்த அறையில் ஒரு சொட்டு விழவில்லை. எங்களுக்கு ஒதுக்கிய அறையில், பிரியாணிக்கு முன் போட்டதும் பின் போட்டதும் சேர்ந்த இடத்தில் நூல் பிடித்தாற்போல் ஒழுகியது. வெட்கத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. புது மனைவி குடை பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

எத்தனை முறை பூசினாலும் அந்த விரிசல் அடங்கவில்லை. வீட்டில் அதற்கு ‘மாப்பிள்ளைக் கோடு’ என்று பெயர். இப்போதும் அங்கே கனமழை என்றால் மாமனார் போன் செய்து நலம் சொல்கிறார்.

“மாப்ள, இங்க நல்ல மழைங்க. உங்க கோடு சௌக்கியமா இருக்குது.”