செருப்பு இன்ஸ்பெக்டர்

உலகத்தில் உள்ள உளவுத்துறைகள் எல்லாம் எங்கள் தொம்மலூர் அபார்ட்மெண்ட்டுக்கு வந்து, முதல் மாடி ஆன்ட்டியிடம் டியூஷன் படித்துவிட்டுப் போகலாம். அவருக்குத் துப்பாக்கி வேண்டாம், கேமரா வேண்டாம். வாசலில் நாலு ஜோடி செருப்பு கிடந்தால் போதும்.

நேரில் ஆன்ட்டி, முதுகுக்குப் பின்னால் செருப்பு இன்ஸ்பெக்டர். மர்பி டவுனில் பிறந்து வளர்ந்து, அரசாங்க வேலையில் ரிட்டயர் ஆனவர். பார்க்கில் நாய் துரத்துகிறது என்று நடைப்பயிற்சியை எங்கள் வராந்தாக்களுக்கு மாற்றிக்கொண்டார். விடிந்ததும் விடியாததுமாக, கையில் நீளக் குடையோடு மாடி மாடியாக ஏறி இறங்குவார். போகிற வழியில் ஒவ்வொரு வாசலிலும் தாறுமாறாகக் கிடக்கும் செருப்புகளைக் குடை நுனியால் தள்ளித் தள்ளி ஜோடி சேர்ப்பார். யாரும் கேட்கவில்லை, சம்பளமும் கிடையாது.

அடுக்குவதோடு விட்டால் பரவாயில்லை. படிக்கவும் செய்வார். எதிர்வீட்டில் புருஷன் செருப்பு ஒரு மூலையிலும் பெண்டாட்டி செருப்பு மறு மூலையிலும் கிடந்தால், லிஃப்டில் நாலு பேர் நடுவில் வைத்து, ராத்திரி சண்டையா என்று விசாரிப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மொட்டைமாடியைச் சுத்தம் செய்ய ஆள் பிடிக்க அசோசியேஷன்காரர்கள் வந்தார்கள். நான் ஃபேனைக்கூட அணைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். வீட்டில் ஆள் இல்லை போல என்று அவர்கள் திரும்பிய நேரம், வெளியே அந்தக் குரல் கேட்டது.

"உள்ளதான் கீறா. செருப்பு இருக்குது பாருங்க."

அன்றைக்கு நான் மொட்டைமாடியைத் தேய்த்த தேய்ப்பைவிட ஆன்ட்டியைத் திட்டிய திட்டு நிறைய.

என்னைப் போலப் பாதிக்கப்பட்டவர்கள் மாடிக்கு நாலு பேர் இருந்தோம். கடைசியில் கமிட்டி கூடி, இனி யாரும் வாசலில் செருப்பு விடக்கூடாது, எல்லா வீட்டுக்கும் மூடிய ஷூ ரேக் வாங்குவது என்று முடிவு செய்தது. வராந்தா அழகாக இருக்க வேண்டும் என்பது வெளியே சொன்ன காரணம். ஆன்ட்டி முகம் வாடிவிட்டது.

"எல்லாத்தையும் சும்னே பொட்டிக்குள்ள போட்டு மூடிட்டா, யாரு இருக்காங்க, யாரு இல்லன்னு எப்படிப்பா தெரியும்?" என்றார், கன்னடம் கலந்த தன் தமிழில். அதற்குத்தானே இந்த ஏற்பாடு என்று செக்ரட்டரி என் காதில் முணுமுணுத்தார்.

ரேக் வருவதற்கு முன்னால் ஆரணியிலிருந்து என் அப்பா வந்தார். ராத்திரி வந்து சேர்ந்தவர், காலையில் சர்க்கரை மாத்திரையை விழுங்கிவிட்டு, போனைச் சார்ஜில் போட்டுவிட்டு, ஒரு சுற்று நடந்துவிட்டு வந்து சாப்பிடுகிறேன் என்று இறங்கினார். ஒரு மணி நேரம் ஆயிற்று, இரண்டு மணி நேரம் ஆயிற்று, ஆள் வரவில்லை. மாத்திரை போட்டுச் சாப்பிடாமல் இருந்தால் அப்பா மயங்கி விழுவார். ஊர் புதிது, பாஷை தெரியாது.

வாட்ச்மேன், பெரியவர் வெளியே போனதைப் பார்த்தேன், திரும்பியதைப் பார்க்கவில்லை என்றான். தண்ணீர் லாரி வந்திருந்ததாம், பைப்பைப் பிடித்துக்கொண்டிருந்தானாம். என் கணவர் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மேம்பாலம் பக்கம் ஓடினார். அக்கம்பக்கத்தார் கோயில், பஸ் ஸ்டாப், ஆஸ்பத்திரி என்று பிரிந்து போனார்கள். நான் கேட்டில் நின்று அழுதேன். வெட்கமெல்லாம் பார்க்கவில்லை.

அப்போதுதான் சிவாஜிநகர் மார்க்கெட்டிலிருந்து ஆன்ட்டி ஆட்டோவில் வந்து இறங்கினார். விஷயத்தைக் கேட்டதும் பையை வாட்ச்மேன் கையில் கொடுத்தார்.

"அப்பா எதைப் போட்டுனு போனாரு? கறுப்புத் தோல் செருப்பு, கட்டைவெரல்கிட்ட செவப்பு நூல் போட்டுத் தெச்சது, அதானே?"

ஒரு ராத்திரி என் வாசலில் கிடந்த செருப்பு. விடிகாலை ரவுண்டிலேயே பார்த்து வைத்திருக்கிறார். தலையை ஆட்டினேன். தெருவைத் தேட ஆள் போயாச்சு, கட்டடத்தை யார் தேடியது என்று கேட்டபடி படியேறினார். பின்னாலேயே ஓடினேன்.

முதல் மாடி, இரண்டாவது மாடி, ஒன்றுமில்லை. மூன்றாவது மாடியில், எங்கள் வீட்டுக்கு நேர் மேலே, மூன்று ஐடி பையன்கள் வாடகைக்கு இருந்தார்கள். இன்ஸ்பெக்டரே கைவிட்ட வாசல் அது. ஷூவும் சாக்ஸும் மலையாகக் குவிந்திருக்கும். அந்தக் குவியலை ஒட்டி, சுவரோரமாக, ஒன்றையொன்று உரசாமல் நேராக ஒரு ஜோடி நின்றது. சிவப்பு நூல். ஆன்ட்டி குடையால் அதன் பக்கத்தில் தட்டினார்.

"இந்தப் பசங்களுக்கு இப்படிக் கழட்டத் தெரியாதும்மா."

சமையல்காரம்மாவுக்காகக் கதவு திறந்தே இருந்தது. உள்ளே சோபாவில், ஃபேனுக்கு அடியில், அப்பா மார்பில் பேப்பரை விரித்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

லிஃப்டில் ஒரு மாடி அதிகமாகப் போய் இறங்கியிருக்கிறார். அதே இடத்தில் அதே மாதிரிக் கதவு. இரண்டு வீட்டுக்கும் ஒரே ஓனர், ஒரே பழுப்பு சோபா. பையன்களோ காதில் ஹெட்போனோடு ஆளுக்கொரு அறையில் வேலை பார்க்கிறவர்கள். அப்பாவைப் பார்த்த ஒவ்வொருவனும், இவர் மற்றவனுடைய அப்பா என்று நினைத்துக்கொண்டான். ஒருவன் இட்லி கொடுத்தான், ஒருவன் காபி கொடுத்தான், மூன்றாமவன் ஃபேனைக் கூட்டி வைத்தான்.

அப்பா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "மாப்பிள்ளை ஆபீஸ் பசங்களாம்மா? நல்லா கவனிச்சுக்கிட்டாங்க. நீதான் காலையிலேருந்து கண்ணுலயே படல."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்ததில், ஆன்ட்டியைக் கட்டிக்கொண்டு அவர் புடவையை நனைத்துவிட்டேன்.

ஷூ ரேக்குகள் வந்து சேர்ந்தன. யாரும் அவற்றில் செருப்பை வைக்கவில்லை. இன்றைக்கு அவற்றில் பழைய பேப்பரும் விளக்குமாறும் இருக்கின்றன. செக்ரட்டரியே செருப்பை வாசலில்தான் விடுகிறார்.

அப்பா இப்போதும் வந்தால் நேராகத்தான் கழற்றி வைப்பார். நான் என் செருப்பைத் தினமும் கொஞ்சம் கோணலாகவே விடுகிறேன். விடிகாலையில் வாசலில் அந்தக் குடை நுனி தரையைத் தட்டும் சத்தம் கேட்டால்தான், எல்லோரும் வீட்டில் இருக்கிறோம் என்று நிம்மதியாக இன்னும் கொஞ்ச நேரம் தூங்குவேன்.