சட்டை உரிப்பு விடுப்பு

ஒரு காட்டில் கஜானா காலியாக இருந்தது. மழை பொய்த்ததால் என்று சில விலங்குகள் சொல்லின. சிங்கராஜா புதுக் குகை கட்டியதால் என்று சில விலங்குகள், அக்கம்பக்கம் பார்த்துவிட்டுச் சொல்லின.

எப்படியோ, கஜானாவை நிரப்பும் பொறுப்பு நிதிச் செயலாளர் கொக்கிடம் வந்து சேர்ந்தது. சும்மா நிற்கும்போதுகூட ஒரு காலை மடக்கிச் சேமித்து வைப்பவர் அவர். ராஜாவுக்கு அவர்மேல் நம்பிக்கை வர அதுவே போதுமானதாக இருந்தது.

ஒரே வாரத்தில் மூன்று அரசாணைகள் வந்தன. வௌவாலின் இரவுப்பணிப்படி ரத்து. வௌவால் எப்படியும் இரவில் தூங்கப்போவதில்லை. ஆமையின் வீட்டு வாடகைப்படி ரத்து; ஆமைக்குச் சொந்த வீடு இருக்கிறது, அலுவலகத்துக்கே அதில்தான் வருகிறார். மூன்றாவது, பாம்புகளின் சட்டை உரிப்பு விடுப்பு ரத்து. ஆண்டுக்கு மூன்று தடவை, தடவைக்கு ஏழு நாள், சம்பளத்தோடு. பாட்டன் காலத்துப் பாம்புகள் நடைபாதையின் குறுக்கே நாள்கணக்கில் படுத்து மறியல் செய்து வாங்கிய சலுகை அது. கோப்பின் ஓரத்தில் கொக்கு இப்படி எழுதியிருந்தார்: 'மனிதர்களுக்குச் சட்டையைக் கழற்ற ஒரு நிமிடம்கூட ஆவதில்லை.'

மூன்றாவது ஆணையால் அடிபட்டவர் காட்டில் ஒருவர்தான். குட்டை அலுவலக எழுத்தர் மாசிலாமணி, சாரைப்பாம்பு. எந்த விலங்கு எந்த நேரத்தில் குட்டையில் தண்ணீர் குடிக்கலாம் என்று டோக்கன் எழுதிக்கொடுப்பது அவர் வேலை. முன்பு நான்கு பேர் பார்த்த வேலை. மூன்று பேர் ஓய்வுபெற்றார்கள், அந்த இடங்கள் நிரப்பப்படவில்லை. சம்பளம் மாதம் ஒன்பது எலி. ஓய்வூதியப் பிடித்தம் இரண்டு. மீதி ஏழில் வழியில் ஓடிப்போனது போக வாய்க்கு வந்தது சம்பளம்.

ஆணை வந்த நேரம் மாசிலாமணிக்குச் சட்டை உரியும் நேரம். உடம்பெல்லாம் இறுகிக் கிடந்தது. கண்ணில் பால் படிந்தது போல ஒரு மங்கல். கண்ணின் மேலுள்ள ஏடும் சட்டையோடு கழன்று வந்தால்தான் பாம்புக்குப் பார்வை திரும்பும். அதற்குக் கற்குவியலுக்குள் போய், பட்டினி கிடந்து, நிதானமாக உரச வேண்டும். அரைகுறையாக உரிந்தால் ஏடு கண்ணிலேயே தங்கிவிடும். மாசிலாமணியின் அப்பா கடைசி இரண்டு வருடத்தை அப்படித்தான் மோப்பத்திலேயே ஓட்டினார்.

டோக்கன்களில் தப்பு விழ ஆரம்பித்தது. ஒரு மானுக்கும் புலிக்கும் ஒரே நேரத்தைக் குறித்துக் கொடுத்துவிட்டார். புலியிடமிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது.

மாசிலாமணி அதற்குமேல் பொறுக்காமல் கொக்கைப் பார்க்கப் போனார். போகிற வழியில் இரண்டு மரத்தில் முட்டிக்கொண்டார்.

"ஏழு நாள் வேண்டாங்கய்யா. மூணு நாள் குடுங்க. கண்ணு போயிரும்."

"உங்களுக்குப் பதிலா யாரு?"

"யாரும் இல்லீங்க. மத்த மூணு இடத்தையும் நீங்க நிரப்பலையே."

கொக்கு காலை மாற்றிக்கொண்டார். "அப்ப எப்படிக் குடுக்கிறது? எனக்கும் மனசு இருக்கு, மாசிலாமணி. ஆனா நாற்காலி காலியா இருக்கக் கூடாதுங்கிறது ராஜா உத்தரவு. நாற்காலி நிறைஞ்சிருந்தா நான் ஏன் வாயைத் திறக்கப்போறேன்?"

மாசிலாமணி திரும்பி வந்து நாற்காலியில் சுருண்டார்.

அந்தச் சனிக்கிழமை கடைசி டோக்கன் முடிந்ததும் அவர் உடம்பு அவர் பேச்சைக் கேட்கவில்லை. உதட்டருகே சட்டை விட்டுக்கொண்டது. நாற்காலிக் காலில் உரசினார். முத்திரைப் பெட்டியின் மூலையில் உரசினார். கழுத்து வரை வந்து நின்றுவிட்டது. அலுவலக உதவியாளர் ஆமை கச்சபேசன் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வயது இருநூறு. ஆனாலும் கீழ்நிலைப் பணி என்பதால் எட்டு வயது மாசிலாமணியை சார் என்றுதான் கூப்பிடுவார். மெல்லப் பின்னால் நகர்ந்து வந்து ஓட்டைக் காட்டினார்.

"என் முதுகுல உரசுங்க சார். வாடகைப்படிதான் போச்சு, வீடு இருக்குல்ல."

சட்டை வந்தது. கண் ஏடும் வந்தது. மாசிலாமணிக்குக் கச்சபேசனின் முகம் வெகுநாளைக்குப் பிறகு தெளிவாகத் தெரிந்தது. நன்றி சொல்லிவிட்டு, திங்கட்கிழமை வந்துவிடுவதாகவும் சொல்லி, கற்குவியலுக்குப் போனார்.

கழன்ற சட்டை உட்புறம் வெளியே திரும்பிக் கிடந்தது. ஞாயிறு முழுக்க உட்கார்ந்து கச்சபேசன் அதைத் திருப்பினார். வேறு யாராக இருந்தாலும் அவசரத்தில் கிழித்திருப்பார்கள். ஆமைக்கு அவசரம் என்றால் என்னவென்று தெரியாது. வேலை முடிந்தபோது ஒரு கீறல்கூட இல்லை. வீசி எறிய மனமில்லாமல் நாற்காலியில் சுருட்டி வைத்தார்.

திங்கட்கிழமை மாசிலாமணி வரவில்லை. புதுத்தோலுக்குப் பாதை முள் பொறுக்கவில்லை. எட்டரை மணிக்கு வருகைப்பதிவு இயந்திரம் பச்சையாகக் கண் சிமிட்டியது. வாலை அதன்மேல் வைத்தால் செதில்களின் வரிசையைப் படித்துப் பதிந்துகொள்ளும் இயந்திரம் அது. கச்சபேசன் கொஞ்சம் யோசித்தார். அவருடைய கொஞ்சம் ஒன்பது மணிவரை நீண்டது. பிறகு சட்டையின் வாலை எடுத்து இயந்திரத்தில் வைத்தார்.

'நன்றி. பதிவானது' என்றது இயந்திரம்.

இன்னொரு மான் வந்து நாற்காலியைப் பார்த்து இரண்டு தடவை கூப்பிட்டது. பதில் இல்லை. வழக்கம்தான். மூன்றாவது தடவை கூப்பிடாமல், தானே டோக்கன் எழுதி, தானே முத்திரை குத்திக்கொண்டு போனது. புலியின் நேரத்தைக் கவனமாகத் தவிர்த்திருந்தது. பின்னால் நின்றவையும் அப்படியே செய்தன. வழக்கமாகச் சாயங்காலம் வரை நீளும் வரிசை மதியத்துக்குள் கரைந்தது.

வெளியே வந்த எருமை, "மனுஷன் இன்னைக்கு எரிஞ்சு விழலையே" என்று வியந்தது.

வியாழக்கிழமை கொக்கு ஆய்வுக்கு வந்தார். நிலுவை எதுவும் இல்லை. நாற்காலி நிறைந்திருந்தது. விடுப்பு ரத்தில் வருத்தம் ஏதும் உண்டா என்று கேட்டார். ஜன்னல் வழியாகக் காற்று வீசியது. சட்டை இல்லையென்று தலையாட்டியது. சம்பளத்தில் இன்னும் இரண்டு எலி குறைக்கலாமா என்று கேட்டார். காற்று திசை மாறியது. சட்டை சரியென்று தலையாட்டியது. கொக்கு பதிவேட்டில் 'பணிவு: மிக நன்று' என்று எழுதினார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து ஒன்பதையும் குறைக்கலாமா என்று கேட்டுப் பார்த்தார்.

அடுத்த திங்கட்கிழமை மாசிலாமணி பளபளவென்று வந்தார். வாலை இயந்திரத்தில் வைத்தார்.

'தெரியவில்லை. மீண்டும் வைக்கவும்.'

மீண்டும் வைத்தார். துடைத்து வைத்தார். பதினோரு தடவை ஆனதும் இயந்திரம் சிவப்பாகி அலறத் தொடங்கியது. கொக்கை வரவழைத்தார்கள். கொக்கு பணிப்பதிவேட்டைப் பிரித்து அங்க அடையாளங்கள் என்ற பக்கத்தை எடுத்தார். ஒன்று, வாலுக்கு இரண்டு சாண் மேலே கீரி கடித்த தழும்பு. இரண்டு, பிடரியில் கோணலான செதில்.

"ரெண்டும் உங்ககிட்ட இல்லையே."

"சட்டையோட போயிருச்சுங்கய்யா. முன்னெல்லாம் விடுப்பு முடிஞ்சு வந்ததும் புதுசாப் பதிவீங்களே."

கொக்கு நாற்காலிப் பக்கம் போய்க் குனிந்து பார்த்தார். தழும்பு இருந்தது. கோணல் செதிலும் இருந்தது. "அப்ப மாசிலாமணி இங்கதானே இருக்காரு" என்றார்.

பதினாறு வருடமாவது இந்த நாற்காலியில் இருக்கலாம் என்று நினைத்திருந்தவருக்கு அதற்குமேல் வாதாடத் தெரியவில்லை. வீட்டில் பதினோரு முட்டைகள் பொரிகிற நேரம். கொக்கே இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னார். காற்றில் மாசிலாமணி பறந்துவிடாமல் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் தேவை. தற்காலிகப் பணி. தொகுப்பூதியம் மாதம் இரண்டு தவளை. படிகள் கிடையாது, பிடித்தமும் கிடையாது. மாசிலாமணி விண்ணப்பம் எழுதினார். பெயர் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டார். கச்சபேசன் 'மா. மாசிலாமணி, மகன்' என்று எழுதச் சொன்னார்.

இப்படியாக மாசிலாமணி தன் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் அமர்ந்து, தன் பழைய வேலை முழுவதையும் பார்த்தார். மனசாட்சி உள்ளவர் என்பதால் டோக்கனைத் தானே எழுதினார். வரிசை மறுபடி சாயங்காலம் வரை நீண்டது. அப்பாவைப் போலப் பையன் இல்லை என்று எருமை குறைப்பட்டுக்கொண்டது. மாதம் ஒன்பது எலி கஜானாவுக்கு மிச்சமானது. ராஜாவின் குகைக்கு மாடி எழும்பியது.

நான்கு மாதம் கழித்து மாசிலாமணியின் கண் மறுபடி மங்கியது. இந்த முறை அவர் கொக்கிடம் போகவில்லை. தற்காலிகப் பணியாளர் படிவத்தில் விடுப்பு என்றொரு கட்டமே இல்லை. கேட்பதற்கும் மறுப்பதற்கும் இடமில்லை. ஒரு சனிக்கிழமை கச்சபேசனைப் பார்த்தார். கச்சபேசன் திரும்பி ஓட்டைக் காட்டினார்.

ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு நெல்வயல் இருக்கிறது. அங்கே எலிகள் பிடித்தமில்லாமல் கிடைக்கின்றன. மாசிலாமணி குடும்பத்தோடு இப்போது அங்கேதான் இருக்கிறார். இரண்டு தவளைச் சம்பளம் மட்டும் ஒழுங்காக வந்துகொண்டிருக்கிறது. கச்சபேசன்தான் இன்னொரு ஆமையிடம் கொடுத்தனுப்புகிறார். போய்ச் சேர ஒரு மாதம் ஆகிறது; அரசுச் சம்பளம் அந்த அளவு தாமதமாவது சகஜம் என்பதால் மாசிலாமணி ஒன்றும் கேட்பதில்லை.

குட்டை அலுவலகத்தில் நாற்காலியும் முக்காலியும் நிறைந்திருக்கின்றன. வரிசை மதியத்துக்குள் முடிந்துவிடுகிறது. பையன் திருந்திவிட்டான் என்கிறது எருமை. கச்சபேசன் மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பாறைக்குப் பக்கத்தில் நின்று, முதுகை அதன்மேல் வெகுநேரம் உரசிக்கொண்டிருக்கிறார்.

நீதி: விடுப்புக் கேட்டவருக்கு விடுப்பு இல்லை; கேட்காமல் போனவருக்கு வருகைப்பதிவு நூறு சதவீதம். ஆமைகளுக்கு இந்த நீதி பொருந்தாது.