மகளுக்கு வேலை நிரந்தரமாவதைத் தடுக்கக் கோரி

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளைக்கு,

உங்கள் அக்காவைக் கட்டிக்கொண்டவன் எழுதுவது. இங்கே என்னைத் தவிர எல்லோரும் சுகம். உங்கள் வீட்டிலும் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். போனில் பேசியிருப்பேன். ஆனால் என் மகளின், அதாவது உங்கள் மருமகளின் காதுதான் உங்களுக்குத் தெரியுமே, பக்கத்து வீட்டில் பால் பொங்குவதை இங்கிருந்தே சொல்லிவிடுவாள். கையால் எழுதலாமென்றால், போன கடிதத்தை நீங்கள் மருந்துக் கடையில் நீட்டிப் பார்த்ததாகக் கேலி செய்தீர்கள். அதனால் அவளுடைய கம்ப்யூட்டரிலேயே ரகசியமாகத் தட்டுகிறேன். பார்வை இல்லாதவளுக்காக அடிக்கிற வார்த்தையை எல்லாம் வாசித்துக் காட்டும் வாயாடி இது. நல்ல வேளை, இன்றைக்கு அதற்குத் தொண்டை கட்டிவிட்டது, சத்தமே இல்லை. அவளும் அடுத்த அறையில் துணி இஸ்திரி போடுகிறாள்.

வாஷிங் மெஷின் கம்பெனியில், வாடிக்கையாளர் புகார் கேட்கும் வேலைக்கு அவள் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. அதற்கு முன் பதினோரு இடத்தில் நேர்காணல். பதினோரு இடத்திலும் "சொல்லி அனுப்புகிறோம்" என்றார்கள். அவர்களில் ஒருவர் அவளிடம் கேட்க வேண்டியதை எல்லாம் என்னிடமே கேட்டார், ஏதோ நான்தான் வேலைக்கு வந்தவன் மாதிரி. ஆகவே இந்த வேலை கிடைத்ததும் இதை எப்படியாவது காப்பாற்றிக் கொடுக்க வேண்டும் என்று நான் கங்கணம் கட்டிக்கொண்டேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

முதல் நாள் அவளுக்குத் தெரியாமல் அதே பஸ்ஸில் மூன்று வரிசை தள்ளி உட்கார்ந்து, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு போனேன். இறங்கும்போது திரும்பிப் பார்க்காமலே, "அப்பா, எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துட்டீங்களா?" என்றாள். என் மூட்டுவலித் தைலத்தின் வாசனை என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது. அடுத்த வாரம், சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டாள் என்ற சாக்கில் ஆபீசுக்குள் நுழைந்தேன். நடைபாதையில் ஒரு செருப்பு அலமாரி. பிள்ளை இடித்துக்கொள்ளுமே என்று பதறி, காவலாளியைக் கெஞ்சி, இருவருமாக அதை மாடிப்படிக்குக் கீழே தள்ளினோம். அந்த அலமாரியில் கைத்தடி தட்டினால் இடது பக்கம் திரும்ப வேண்டும் என்பது அவளுடைய கணக்காம், எனக்கு யார் சொன்னார்கள்? மறுநாள் தட்டவில்லை, அவளும் திரும்பவில்லை. நேராக மேனேஜர் அறைக்குள் போய், வெளியூர் அதிகாரிகள் கூடியிருந்த கூட்டத்தின் நடுவே பையை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அதோடு நான் விட்டேனா? அவளுக்கு நல்ல பெயர் வாங்கித் தர, குரலை மாற்றிக்கொண்டு வாடிக்கையாளராகப் போன் செய்தேன். மெஷின் சுற்றவில்லை என்றேன். மெஷினின் எண்ணைக் கேட்டாள். கைக்குக் கிடைத்த மின்சார மீட்டரின் எண்ணை வாசித்தேன். கடைசியில் உங்களைப் போல் பொறுமைசாலி உண்டா என்று புகழ ஆரம்பித்தபோது பாழாய்ப்போன இருமல் வந்துவிட்டது. அவள் குரல் மாறாமல், "சார், உங்க மெஷின் எங்க கம்பெனியோடது இல்ல. இருமல் மாத்திரை டிவி மேல இருக்கு, வெந்நீரோட போடுங்க" என்றாள். அந்த நேரம் பார்த்து மேனேஜரும் அதே லைனில் கேட்டுக்கொண்டிருந்தாராம். தொலைந்தது வேலை என்று இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனால் நடந்தது வேறு. இப்படிப்பட்ட ஆளிடமே பொறுமையாகப் பேசுகிறாள் என்று மெச்சி, அவளை நிரந்தரமாக்கப் போகிறார்கள். அதுவும் ஆறு மணி நேரம் தள்ளியிருக்கும் தலைமை அலுவலகத்துக்கு! தனியாக விடுதியில் தங்க வேண்டுமாம். உங்கள் அக்கா பெட்டியே வாங்கிவிட்டாள். மாப்பிள்ளை, உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? எனக்குப் பயமாக இருக்கிறது. இருபத்தாறு வருஷமாக அவள் ரோட்டைக் கடக்கும்போதெல்லாம் நான்தான் இரண்டு பக்கமும் பார்த்தேன். அங்கே யார் பார்ப்பார்கள்? மேனேஜர் உங்களோடு ஒரே பெஞ்சில் படித்தவர். பக்குவமாக எடுத்துச் சொல்லி இந்த நிரந்தரத்தைத் தட்டிக் கழித்துவிடுங்கள். நான் சொன்னது யாருக்கும் தெரிய வேண்டாம்.

குழந்தைகளுக்கு என் ஆசிகள். தங்கைக்கு என் அன்பைச் சொல்லவும். நீங்கள் எல்லோரும் நோய்நொடியில்லாமல் நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் அக்காவின் கணவன்

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடுங்கள். கம்ப்யூட்டருக்குத் தொண்டை கட்டவில்லை. கம்பியில்லாத இயர்போன் என்று ஒன்று இருக்கிறதாம். அதை மாட்டிக்கொண்டுதான் அவள் இஸ்திரி போட்டிருக்கிறாள். நான் தட்டத் தட்ட ஒவ்வொரு வார்த்தையும் அவள் காதில். இப்போதுதான் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கோபப்படவில்லை. "இன்டர்வியூ பதினொண்ணு இல்லப்பா, பதிமூணு. ரெண்டை உங்ககிட்ட சொல்லல. சொன்னா நீங்க சாப்பிட மாட்டீங்க" என்றாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, மாப்பிள்ளை. நான் அவளைக் காப்பாற்றிக்கொண்டிருப்பதாக அல்லவா நினைத்தேன். மேனேஜரிடம் ஒன்றும் பேச வேண்டாம். முடிந்தால் விடுதிக்குப் பக்கத்தில் எந்த பஸ் நிற்கும் என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள். ஒன்றாம் தேதி கிளம்புகிறாள். வழியனுப்ப நானும் வரட்டுமா என்று கேட்டேன். "வாங்க. தைலம் தடவிட்டு வாங்க, நீங்க எங்க நிக்கிறீங்கன்னு எனக்குத் தெரியணும்ல" என்கிறாள்.