மைக்கை இறக்க மாட்டேன், பெரியப்பா

மஸ்கெலியா,
வியாழக்கிழமை.

மதிப்புக்கும் பயத்துக்கும் உரிய மைக்கல் பெரியப்பா அவர்களுக்கு,

ஆண்டவர் கிருபையால் நான் சுகம். கந்தப்பளையில் நீங்களும் பெரியம்மாவும் சுகமாயிருக்க மன்றாடுகிறேன். நுவரெலியா ஹோட்டலில் எனக்கு வரவேற்பு மேசை வேலை பேசிவைத்திருப்பதாகவும், ஞாயிறுக்குள் வந்து சேர வேண்டுமென்றும் சொல்லி அனுப்பியிருந்தீர்கள். வர மாட்டேன். இங்கே சிக்னல் இல்லாததால் இதை எழுதித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. நேரில் சொல்லத் தைரியமும் இல்லை.

நான் இங்கே ஊர் சுற்றவில்லை. படம் பிடிக்கிற இடத்திலேயே வேலை பழக்குகிறார்கள். யாழ்ப்பாணம், அக்குறணை, கினிகத்தேனை என்று எல்லாப் பக்கத்துப் பிள்ளைகளும் இருக்கிறோம். நன்றாகச் செய்தால் அடுத்த படத்துக்கும் எடுப்பார்கள். எனக்குக் கிடைத்தது ஒலிப்பதிவு. நீளக் கம்பின் முனையில் மைக்கைக் கட்டி, நடிக்கிறவர்கள் தலைக்கு மேலே, படத்தில் தெரியாமல் பிடிக்க வேண்டும். காற்று இரையாமலிருக்க மைக்குக்கு ரோமத்தில் ஓர் உறை. முதல் நாளே கம்பைக் கீழே சாய்த்தேன். லயத்தின் கடைசி வீடு, தொங்கல் காம்பரா வீரம்மா அக்காவின் நாய் உறையைக் கவ்விக்கொண்டு தேயிலைக்குள் பாய்ந்தது. "நங்கி, நாய் மைக் சாப்பிடுது!" என்று, என்னைச் சிங்களத்தில் தங்கச்சி என்றழைக்கும் கினிகத்தேனை ருக்‌ஷான் கத்த, லயமே பின்னால் ஓடியது. மைக் பிழைத்தது, உறை திரும்பவில்லை.

நேற்று நடந்ததுதான் பெரிய கூத்து. கோயில் ஸ்பீக்கரில் பாட்டு ஓயவில்லை. கொஞ்சம் நிறுத்தச் சொல்லிக் கேட்க என்னை வாக்கிடாக்கியோடு அனுப்பினார்கள். கோயில் தலைவர் சிவசாமி, "சாமி காரியம் பாப்பா. சரி, ஒங்களுக்காக நிறுத்துறேன். ஏன் நின்னுச்சுன்னு நீயே மைக்குல சொல்லிரு" என்றார். நான் கோயில் மைக்கை வாயருகே கொண்டுபோன நேரம் பார்த்து, மற்றக் கையிலிருந்த வாக்கிடாக்கியில் டைரக்டர் கத்தினார்: "ஜெனுஷா, சீக்கிரம்! சுமன் மூஞ்சி இப்பவே வேகவெச்ச கிழங்கு மாதிரி இருக்கு!"

அது நாலு மலைக்கும் கேட்டது. சுமன் என்பவர் எங்கள் கதாநாயகன்.

நான் ஓடிவந்தபோது அவர் வான் வண்டிக்குள் ஏறிக் கதவை அடைத்திருந்தார். படப்பிடிப்பு மேனேஜர் என்னிடம், "பேக்கை எடு, அடுத்த பஸ்ஸில போ" என்றார். "போக மாட்டேன்" என்றேன். உங்களிடம் சொல்லிப் பழக வேண்டிய சொல் அவரிடம் முதலில் வந்துவிட்டது, மன்னியுங்கள். நேரே போய் வான் கதவைத் தட்டினேன்.

"ஸார், ஸ்பீக்கர்ல போனது என் தப்பு."

"அப்ப கிழங்கு?"

"அது டைரக்டர் தப்பு ஸார். நான் ஒங்க மொகத்தையா பாக்குறேன்? காதுல சத்தம் மட்டுந்தான். முந்தாநாள் அம்மா செத்த சீன்ல மூச்ச இழுத்தீங்கள்ல, அப்ப கம்பு எங் கையில ஆடிப்போச்சு."

பிறகு கதவு திறந்தது. "இந்த வாட்டி ஆடாம பிடி" என்று சொல்லிக்கொண்டே இறங்கினார்.

நீண்ட காட்சி, பெரியப்பா. தோள் இரண்டும் எரிந்தன. மூக்கில் ஒரு பூச்சி உட்கார்ந்து உலாத்தியது. நான் அசையவில்லை. கடைசியில் ஒலிப்பதிவுக்குப் பொறுப்பான ஊர்மிளா அக்கா வந்து என் கையைப் பிடித்தார். அவர் யாழ்ப்பாணம். "கட் சொல்லி எவ்வளவு நேரம்! மைக்கை இறக்கும், பிள்ளை. நாளைக்கும் நீர்தான் பிடிக்கிறது" என்றார். அப்போதுதான் அழுதேன்.

ஆகவே ஹோட்டல் வேலையை, வேலை தேடும் நிஷாந்திக்குக் கொடுங்கள். என்னை அழைத்துப்போக யாரும் வர வேண்டாம். வந்தாலும் வர மாட்டேன். உங்கள் பிரஷர் இறங்கத் தினமும் ஜெபிக்கிறேன். பெரியம்மாவுக்கு என் முத்தங்கள்.

கீழ்ப்படியாத, ஆனால் பாசமுள்ள மகள்,
ஜெனுஷா

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் நீங்கள் அனுப்பிய பெரியம்மா வந்துவிட்டார். காட்சி ஓடும்போதே நடுவில் புகுந்து, "அடியே, கெளம்புடி வீட்டுக்கு!" என்று கத்தினார். டைரக்டர் கட் சொல்லவில்லை. கதாநாயகனுக்கு ஒரு மாமியார் தேவைப்பட்டாராம். பெரியம்மா சம்மதித்துவிட்டார். படம் முடியும்வரை நீங்களே சமைத்துக்கொள்ள வேண்டுமாம். அவருடைய நீலப் பட்டுச் சேலையை இது கிடைத்ததும் பஸ்ஸில் அனுப்பச் சொல்கிறார்.