மாமாவின் லைட்டரும் என் மடங்குக் கணக்கும்

என் தொழிலில் இருக்கும் பெண்ணைப் பெண் பார்க்கப் போகிறவர்கள் “என்ன வேலைம்மா?” என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால் நாங்கள் பதில் சொல்லிவிடுவோம். நான் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் புள்ளியியல் பார்க்கிறேன். நோயாளிகள் எவ்வளவு காலம் உயிரோடு இருக்கிறார்கள், எது அவர்களுடைய ஆபத்தைக் கூட்டுகிறது, எது குறைக்கிறது என்று கணக்குப் போடுவது வேலை. (எங்கள் வீட்டிலேயே இதைச் சாவுக் கணக்கு என்பார்கள். உயிர்க் கணக்கு என்று நான் திருத்துவேன். எடுபடாது.)

எனக்கு மாமனாராக வரவிருந்தவர் காஞ்சிபுரத்துக்காரர், ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். பஸ்ஸை விட்டு இறங்கினாலும் பார்வை இறங்கவில்லை. யாரைப் பார்த்தாலும் டிக்கெட் எடுக்காமல் ஏறிய ஆளைப் பார்ப்பது போலத்தான் பார்ப்பார். பால்காரர் மேல் சந்தேகம், கேஸ் சிலிண்டரின் எடை மேல் சந்தேகம். என் வேலையைக் கேட்டதிலிருந்து என் மேலும் சந்தேகம். “ஆளு எப்ப போவான்னு பார்க்கிற பொண்ணு நம்ம வூட்டுக்கு எதுக்குடா?” என்று மகனிடம் கேட்டாராம். ஆனால் மகன் கார்த்திக்கு என்னைப் பிடித்திருந்தது, மாமியாராக வரவிருந்த அத்தைக்கும் பிடித்திருந்தது. எனக்கும் கார்த்தியை ரொம்பப் பிடித்திருந்தது. இதை இப்போதே சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் அடுத்து நான் செய்ததைப் பார்த்தால் கல்யாணத்தை நிறுத்தத்தான் வந்தேன் என்று தோன்றும்.

முகூர்த்தப் பட்டு எடுக்க எங்கள் ஊர் வாலாஜாபாத்திலிருந்து அப்பா, அம்மாவோடு காஞ்சிபுரத்துக்குப் போயிருந்தேன். கடை மெத்தையில் இரண்டு குடும்பமும் எதிரெதிரே உட்கார்ந்தோம். புடவைகள் மலையாகக் குவிந்த பிறகு, அரக்குச் சிவப்பில் ஒன்று எல்லோருக்கும் பிடித்தது. மாமாவுக்கு மட்டும் அதில் கலப்படம் இருப்பதாகப் பட்டது. முந்தானை ஓரத்தில் தொங்கிய இழைகளில் ஒன்றை உருவினார். சுத்தப் பட்டை எரித்தால் முடி கருகும் வாசனை வரும், சாம்பல் விரலில் பொடியாகும். எங்கள் பக்கத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த சோதனை. கடைக்காரரும் தாராளமா பாருங்க என்றார்.

மாமா சட்டைப்பையில் கைவிட்டு லைட்டரை எடுத்தார். பார்க்காமலே கட்டை விரலால் ஒரே தட்டு. இழை எரிந்தது, வாசனை வந்தது, சாம்பல் பொடிந்தது. பட்டு தேறிவிட்டது. தேறாதது மாமாதான்.

அவர் சிகரெட்டை விட்டு வருஷக்கணக்காகிறது என்று அத்தை என்னிடம் பெருமையாகச் சொல்லியிருந்தார். அந்தத் தட்டலின் லாவகம் வேறு கதை சொன்னது. புத்தியுள்ள பெண் புடவையைப் பார்த்திருப்பாள். நான், நோயாளிகளிடம் கேட்டுப் பழகிய வாயோடு, “மாமா, ஒரு நாளைக்கு எத்தனை?” என்றேன்.

கோயிலில் கற்பூரம் ஏற்ற வைத்திருப்பதாக மாமா சொன்னார். நீங்க கோயிலுக்குப் போயி எவ்ளோ நாளாவுது என்று அத்தை கேட்டார். மாமா என் பக்கம் திரும்பினார்.

“சரி, நான் எப்பம்மா போவேன்? அதையும் இங்கியே சொல்லிடு.”

இங்காவது நான் வாயை மூடியிருக்கலாம். ஆனால் கணக்கைத் தப்பாகப் புரிந்துகொண்டால் எனக்குப் பொறுக்காது. எப்போது என்று எங்கள் கணக்கு சொல்லாது மாமா, தனி ஆளை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, இரண்டு பேரைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் ஒருவருக்கு ஆபத்து எத்தனை மடங்கு என்று மட்டும் சொல்லலாம், வயது ஏறினாலும் அந்த மடங்கு மாறாது என்று வைத்துக்கொள்வோம் என்று விளக்கினேன். உதாரணத்துக்கு இன்னொரு ஆள் வேண்டும். எதிரே என் அப்பா உட்கார்ந்து கலர் சோடா குடித்துக்கொண்டிருந்தார். அதே வயது, சிகரெட் பழக்கம் இல்லை. இதைவிட நல்ல உதாரணம் கிடைக்குமா?

“இப்ப எங்க அப்பாவுக்கு ஒரு பங்குன்னா, உங்களுக்கு ஒரு பேச்சுக்கு ரெண்டு பங்குன்னு வச்சிக்குங்க மாமா.”

அப்பா கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். (அதைத்தான் மாமாவால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.)

மாமா எழுந்துவிட்டார். “எல்லாரும் பேசி வச்சிக்கினு வந்திருக்கீங்க. இந்தக் கல்யாணப் பேச்சு இதோட நிக்கட்டும்பா” என்று செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வெளியே போனார். கார்த்தி என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை, வெறும் திகைப்பு. ஒரு உதாரணத்துக்காக ஒரு கல்யாணத்தையே கெடுத்துக்கொண்டேனே என்று அழுகை வந்துவிட்டது.

மெத்தையில் கிடந்த லைட்டரை அத்தை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். கடைக்காரரிடம் அந்தப் புடவையையே கட்டச் சொன்னார். பிறகு என்னிடம், “இத்தினி வருஷமா சட்டையை மோந்து மோந்து பார்க்கிறேன், என்னால புடிக்க முடியல. நீ ஒக்காந்த எடத்துல புடிச்சிட்ட. நீதாம்மா என் மருமக” என்றார். அதற்கு மேல் மாமாவால் ஒன்றும் செய்ய முடியவில்லை. கல்யாண ஆல்பத்தில் எல்லாப் படத்திலும் அவர் என்னை ஓரக்கண்ணால்தான் பார்க்கிறார்.

அத்தையின் சோதனைகள் தாங்காமல் சிகரெட்டை நிஜமாகவே விட்டுவிட்டார். அந்த இரண்டு பங்கைப் பொய்யாக்கும் வீம்பை மட்டும் விடவில்லை. காலையில் காபி குடித்ததும் வாலாஜாபாத்துக்குப் போன் போட்டு அப்பாவின் உடம்பை விசாரிப்பார். இருமல் இருக்கிறதா, படியேறினால் மூச்சு வாங்குகிறதா என்றெல்லாம் கேட்பார். சம்பந்திக்குத் தன் மேல் எவ்வளவு பாசம் என்று அப்பா உருகிப்போவார். நாங்கள் யாரும் அப்பாவிடம் உண்மையைச் சொன்னதில்லை.

இப்போதும் நான் அம்மா வீட்டுக்குப் போய்வந்து ஆட்டோவை விட்டு இறங்கினால், வாசலில் மாமா அதே டிக்கெட் பார்வையோடு நிற்பார்.

“உங்க அப்பா எப்படிம்மா இருக்காரு?”

“நல்லா இருக்காரு மாமா.”

முகம் லேசாக வாடும். அப்புறம் தோளைச் சரிசெய்துகொள்வார்.

“நானும் இருக்கேன். எழுதிக்கோ.”